பக்கத்து மோட்டலை வீடற்றோர் குடியிருப்பாக மாற்றப் போகிறார்கள்: எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போடலாமா?

கார்த்திக்_கிழக்குவிரிகுடா

எல்லோருக்கும் வணக்கம். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் இருக்கும் நம்மவர்கள் நிறையப் பேர் இங்கே எழுதுகிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூர நடையில், நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு பழைய மோட்டல் இருக்கிறது. அதை வாங்கி வீடற்றவர்களுக்கான குடியிருப்பாக மாற்றலாம் என்று நகராட்சி யோசிக்கிறது. கோவிட் சமயத்தில், 2020-இல், மாநில அரசு ஆரம்பித்த ஹோம்கீ திட்டத்துப் பணம். அடுத்த மாதம் நகர மன்றத்தில் மக்கள் கருத்துக் கேட்பு. அதற்குள் எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் எதிர்ப்பு மனு சுற்றுக்கு வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டவர்களில் நம் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. என் பெயருக்கு நேரே இன்னும் காலியாக இருக்கிறது. தினமும் யாராவது நினைவூட்டுகிறார்கள்.

பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். மகள் ஆறாம் வகுப்பு, அந்த வழியாகத்தான் நடந்து போகிறாள். ஓடைக்கரையில் இருந்த கூடாரங்களில் போன கோடையில் தீப்பிடித்து, பின்வரிசை வீடுகளின் வேலி கருகியது. வீட்டுக் கடன் இன்னும் இருபது வருடத்துக்கு மேல் பாக்கி. விலை இறங்கினால் எங்களுக்குப் போக்கிடம் கிடையாது. அதே சமயம், அந்த ஓடைக்கரை ஆட்கள் எங்கேயாவது இருந்துதானே ஆக வேண்டும் என்றும் தோன்றுகிறது.

இவ்வளவு பணம் புரளும் ஊரில் இத்தனை பேர் எப்படித் தெருவுக்கு வந்தார்கள்? இப்படி ஓர் இடம் வந்தபின் அந்தத் தெரு எப்படி இருக்கிறது? நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பிரபு_சன்னிவேல்

கார்த்திக், யோசிக்காமல் கையெழுத்துப் போடுங்கள். இரக்கம் வேறு, உங்கள் குழந்தையின் பாதுகாப்பு வேறு.

பணம் போட்டால் தீரும் என்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018-இல் ப்ராப் சி என்று வாக்கெடுப்பு நடத்தி, வருடத்துக்கு 5 கோடி டாலருக்கு மேல் வரவு உள்ள நிறுவனங்கள் மீது வீடற்றோருக்காகத் தனி வரி போட்டார்கள். 2019 கணக்கெடுப்பில் அந்த ஊரில் வீடற்றவர்கள் 8,035 பேர். 2024-இல் 8,323. இத்தனை வருட வரிப்பணம் எங்கே போனது?

போதைப்பொருள், மனநோய், இதமான தட்பவெப்பம், கேட்டவுடன் கிடைக்கும் உதவி. இந்த நான்கும் சேர்ந்தால் நாடு முழுவதும் இருந்து இங்கேதான் வருவார்கள். நாம் இரவு பகலாக உழைத்து வாங்கிய வீட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பது என்ன நியாயம்?

வானதி_ஆர்

பிரபு, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் வெளியூரில் இருந்து வருகிறார்கள் என்பது மட்டும் உண்மை இல்லை. நான் மாவட்ட அளவிலான ஒரு மருத்துவக் குழுவோடு வேலை செய்கிறேன், இவர்களைத் தினமும் பார்க்கிறேன். என் பேச்சை நம்ப வேண்டாம், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ மருத்துவப் பிரிவு 2023 ஜூனில் ஓர் ஆய்வு வெளியிட்டது. மாநிலம் முழுக்க ஏறக்குறைய 3,200 பேரிடம் கேட்டார்கள். பத்தில் ஒன்பது பேர் வீட்டை இழந்தது கலிஃபோர்னியாவிலேயே. முக்கால்வாசிப் பேர் கடைசியாக வீடு வைத்திருந்த அதே மாவட்டத்தில்தான் இன்னும் இருக்கிறார்கள்.

அதாவது கார்த்திக் சொல்லும் ஓடைக்கரை ஆட்களில் பலர் சில வருடம் முன்பு அதே ஊரில் வாடகை கட்டியவர்கள்.

அந்த ஆய்வில் என்னை உலுக்கியது வேறு விவரம். தெருவுக்கு வருவதற்கு முந்தைய ஆறு மாதத்தில் அவர்கள் குடும்ப வருமானத்தின் நடுமதிப்பு மாதம் 960 டாலர். இந்தப் பகுதியில் அதற்கு ஓர் அறைகூடக் கிடைக்காது. வாடகை ஒப்பந்தத்தில் பெயர் இருந்தவர்களிலேயே பாதிப் பேருக்கு வீட்டைக் காலி செய்யக் கிடைத்தது பத்து நாளோ அதற்கும் குறைவோ. உறவினர் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ ஒண்டியிருந்தவர்களில் பாதிப் பேருக்கு ஒரே நாள். தனி ஆட்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் ஐம்பது வயது தாண்டியவர்கள். அவர்களில் ஐந்தில் இரண்டு பேர் ஐம்பது வயது வரை வாழ்நாளில் ஒருமுறைகூட வீடில்லாமல் இருந்ததில்லை.

நான் பார்த்த ஒருவரைச் சொல்கிறேன், அடையாளம் வேண்டாம். அறுபத்து நான்கு வயது அம்மா. பல வருடம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை, அதில் இந்தியக் குடும்பங்கள் நிறைய. அவர் இருந்த பின்கட்டு வீட்டை உரிமையாளர் விற்றார். புது வாடகைக்கு மூன்று மடங்கு வருமானம் காட்டு, முன்பணம் கட்டு என்றார்கள், முடியவில்லை. காரில் படுக்க ஆரம்பித்தார். பகலில் வேலை, இரவில் பல்பொருள் அங்காடி வாகன நிறுத்தம். இங்கே தெருவில் ஒரே இடத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் வண்டி நின்றால் இழுத்துப் போகலாம். அவருக்குக் காய்ச்சல் வந்து, தெருவில் நிறுத்திய வண்டியை நகர்த்தாத வாரத்தில் இழுத்துப் போய்விட்டார்கள். இழுவைக் கூலி, அப்புறம் நாளுக்கு நாள் ஏறும் வைப்புக் கட்டணம். வண்டிக்குள் இருந்தவை: ரத்த அழுத்த மாத்திரை, சமூகப் பாதுகாப்பு அட்டை, வேலைக்குக் கட்டும் இரண்டு நல்ல உடை, பேரனின் பள்ளிப் படம். அட்டை இல்லாமல் வீட்டு உதவி விண்ணப்பம் நகராது. குளிக்க இடமில்லாமல் குழந்தை பார்க்கும் வேலை நிற்காது. கார் போன அன்றைக்குத்தான் அவர் உண்மையில் தெருவுக்கு வந்தார். போதை, மனநோய் எதுவும் அவர் கதையில் இல்லை.

பிரபு_சன்னிவேல்

அக்கா, அந்த அம்மாவுக்கு உதவக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ரயில் நிலையப் படிக்கட்டில் ஊசியோடு விழுந்து கிடப்பவர்களை நானும் பார்க்கிறேன். அவர்களும் அந்த மோட்டலுக்குத்தான் வருவார்கள்.

வானதி_ஆர்

உண்டு, மறைக்க மாட்டேன். அதே ஆய்வில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் மெத் என்ற போதையைத் தொடர்ந்து எடுப்பதாகச் சொன்னார்கள். ஆனால் தெருவில் வந்து ஆரம்பித்தவர்களும் இருக்கிறார்கள். இரவில் கண்ணயர்ந்தால் பை போய்விடும், பெண்களுக்கு அதைவிட மோசமானது நடக்கும், விழித்திருக்க அதை எடுக்கிறேன் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். கூடாரத்தில் இருப்பவரைப் போதையில் இருந்து மீட்பது எனக்குத் தெரிந்து மிகக் கடினமான வேலை. பூட்டும் கதவும் குளிர்பதனப் பெட்டியும் இருந்தால்தான் மருந்தாவது ஒழுங்காக எடுக்க முடியும்.

இராமநாதன்_கே

நான் 1984-இல் இங்கே வந்தவன். இதற்கு முந்தைய கதையும் தெரிந்தால்தான் விஷயம் விளங்கும்.

சான் பிரான்சிஸ்கோவில் சந்தை வீதிக்குத் தெற்கே ஒற்றை அறை விடுதிகள் வரிசையாக இருந்தன. ஓய்வு பெற்ற கப்பல் தொழிலாளிகள், கூலிக்காரர்கள், தனி ஆட்கள் வாரக் கணக்கில் வாடகை கொடுத்து இருப்பார்கள். நம் ஊர் மேன்ஷன் மாதிரி. எர்பா பூயெனா என்ற மறுசீரமைப்புத் திட்டத்தில் அந்த வரிசை போய், மாநாட்டு மண்டபமும் அருங்காட்சியகமும் வந்தன. கியர்னி வீதியில் இன்டர்நேஷனல் ஹோட்டல் என்று ஒன்று. வயதான ஃபிலிப்பினோ, சீனத் தொழிலாளிகள் குடியிருந்த இடம். 1977 ஆகஸ்ட் 4 அதிகாலையில் ஆயிரக்கணக்கான மக்கள் கைகோத்துத் தடுத்தும், போலீஸ் ஏணி வைத்து ஏறி அவர்களை வெளியே கொண்டுவந்தது. இடித்த இடம் வருடக்கணக்கில் வெறும் பள்ளமாகக் கிடந்தது. முதியோருக்கான புதுக் கட்டடம் அங்கே எழும்பியது 2005-இல்.

மனநல மருத்துவமனைகளை ரீகன் மூடினார் என்பார்கள், அது பாதிக் கதை. அவர் ஆளுநராக 1967-இல் கையெழுத்திட்ட லான்டர்மன்-பெட்ரிஸ்-ஷார்ட் சட்டம், ஒருவரைக் காலவரையின்றி அடைத்து வைப்பதைத் தடுத்தது. நோக்கம் நல்லதுதான். வெளியே வந்தவர்களுக்கு ஊருக்குள் சிகிச்சை மையம் வரும் என்ற வாக்குத்தான் போதிய அளவு நிறைவேறவில்லை. சான்டா கிளாராவில் ஆக்னியூஸ் மருத்துவமனை வளாகம் பிற்பாடு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கைக்குப் போனது, இன்றைக்கு ஆரக்கிள். நம் ஆட்கள் எத்தனையோ பேர் அங்கே வேலை பார்த்திருக்கிறோம்.

1978-இல் ப்ராப் 13 என்ற சட்டம் மக்கள் வாக்கெடுப்பில் வந்தது. வீடு கைமாறும் வரை அதன் வரி மதிப்பு வருடத்துக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. அன்றைக்கு வாங்கியவரும் நேற்று வாங்கியவரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு பல மடங்கு வித்தியாசத்தில் வரி கட்டுகிறார்கள். ஊராட்சிகளுக்கு வீடு கட்டினால் வருமானம் குறைவு, கடையும் அலுவலகமும் வந்தால் லாபம். ஒவ்வொரு ஊரும் வேலையைக் கூப்பிட்டது, வேலைக்காரர்களுக்கு வீட்டை அடுத்த ஊர் கட்டட்டும் என்று விட்டது. அடுத்த ஊரும் அதையே செய்தது.

பிரபு தம்பி போதைதான் காரணம் என்கிறீர்கள். மேற்கு வர்ஜீனியா மாநிலத்தைப் பாருங்கள். அளவு மீறிய போதையால் சாவோர் விகிதத்தில் பல வருடமாக நாட்டிலேயே முன்னணி. வீடற்றோர் விகிதமோ நம் மாநிலத்தைவிட மிகக் குறைவு. அங்கே போதைக்கு அடிமையானவர் பழைய வாடகை வீட்டிலோ அம்மா வீட்டிலோ கிடக்கிறார், ஏனென்றால் வீடு மலிவு. இங்கே அதே ஆள் நடைபாதையில் கிடக்கிறார். பலவீனமான ஆள் முதலில் விழுவார் என்பது சரி. எத்தனை பேர் விழுவார்கள் என்பதை முடிவு செய்வது வாடகை.

தேன்மொழி_எஸ்எஃப்

இதில் பாதிக்கப்படும் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் சின்ன உணவகம் நடத்துகிறேன். காலையில் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால் வாசலைக் கழுவ வேண்டும், என்ன இருக்கும் என்று எழுத விரும்பவில்லை. கண்ணாடி உடைந்திருக்கிறது, காப்பீட்டில் கோரினால் அடுத்த வருடக் கட்டணம் ஏறும் என்று கைக்காசு போட்டே மாற்றினேன். கோவிட்டுக்குப் பிறகு அலுவலகக் கூட்டம் பாதியாகிவிட்டது. மிச்சம் வருபவர்களும் வாசலில் ஒருவர் கத்திக்கொண்டிருந்தால் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறார்கள். சாயங்காலம் வேலை முடிந்து போகும் பெண்களை ரயில் நிலையம் வரை யாராவது துணைக்குப் போய் விட்டுவிட்டு வருகிறோம். இதைச் சொன்னால் இரக்கமில்லாதவள் என்று பேர்.

2019-இல் கிளின்டன் பார்க் என்ற சந்தில் குடியிருப்பவர்கள் தாங்களே காசு போட்டு நடைபாதையில் பெரிய பாறாங்கற்களை இறக்கினார்கள், கூடாரம் போட முடியாதபடி. ஊரே திட்டியது. சிலர் வந்து கற்களைச் சாலையில் உருட்டிவிட்டார்கள், நகராட்சி திரும்ப வைத்தது, கடைசியில் குடியிருப்பாளர்களே எடுத்துவிடச் சொன்னார்கள். அந்த மனநிலை எனக்குப் புரிகிறது. ஆனால் பாறை வைத்தால் அந்த ஆள் மறைந்துபோவதில்லை, என் கடை வாசலுக்கு வருகிறார்.

அதனால்தான் சொல்கிறேன் கார்த்திக், மோட்டல் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் ஓடைக்கரை அப்படியேதான் இருக்கும். எனக்கு வேண்டியது வாசல் காலியாக வேண்டும். அதற்கு அவர்கள் போக ஒரு கதவு வேண்டும். எங்கே வந்தாலும் எதிர்க்கிறார்கள், கடைசியில் எல்லாம் எங்களைப் போன்ற பேட்டைகளில்தான் வந்து குவிகிறது.

நிலா_வாடகைவீடு

தேன்மொழி அக்கா சொன்ன கடைசி வரிதான் என் ஆதங்கமும். பணக்கார ஊர்கள் என்ன செய்கின்றன என்று பார்க்க வேண்டும். ஒரு மனையில் நான்கு வீடு வரை கட்டலாம் என்று மாநிலச் சட்டம் எஸ்பி 9 வந்தபோது, வுட்சைட் ஊராட்சி 2022-இல் ஊர் முழுவதும் மலைச்சிங்கத்தின் வாழிடம், அதனால் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது என்று அறிவித்தது. மாநிலத் தலைமை வழக்கறிஞர் எச்சரித்த பிறகுதான் பின்வாங்கினார்கள். ஆத்தர்டனில் அடுக்குக் குடியிருப்புக்கு இடம் ஒதுக்கப் போனபோது, 2023-இல் கூடைப்பந்து வீரர் ஸ்டெஃப் கரியும் மனைவியும் தங்கள் வீட்டுப் பக்கம் வேண்டாம் என்று கடிதம் எழுதினார்கள். அந்த ஊரில் வீடு கூட்டுபவர், தோட்டக்காரர், தீயணைப்பு வீரர் யாரும் அங்கே குடியிருக்க முடியாது. கிழக்கே தூரத்து ஊர்களான டிரேசி, மான்டீகாவில் இருந்து ஆல்டமான்ட் கணவாயைத் தாண்டி இருட்டில் கிளம்பி வருகிறார்கள். அதுவும் முடியாதவர் வண்டியிலேயே படுக்கிறார். அப்புறம் அந்த வண்டியைப் பார்த்து ஊர் கெட்டுப்போயிற்று என்கிறோம்.

மவுண்டன் வியூவில் 2020-இல், உள்ளேயே தங்கும் வசதி கொண்ட ஆர்வி வண்டிகளைக் குறுகிய தெருக்களில் நிறுத்தத் தடை போட வாக்கெடுப்பே நடந்து நிறைவேறியது. அந்த ஆர்விகளில் இருந்தவர்களில் பலர் அங்கேயே உணவகத்திலும் கட்டட வேலையிலும் இருப்பவர்கள்.

நாங்கள் நான்கு பெண்கள் ஒரு வீட்டில் இருக்கிறோம், எல்லோரும் வேலைக்குப் போகிறோம். அப்படியும் மாதக் கடைசியில் கையைக் கடிக்கிறது. வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அறுபது நாள் கெடு. நமக்குப் போக ஊர் இருக்கிறது. இங்கேயே பிறந்தவருக்கு எது ஊர்?

செந்தில்_மந்தைவெளி

சென்னையில் இருந்து படிக்கிறேன். இங்கே 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாய் ஓரத்து வீடுகளை நீதிமன்ற உத்தரவின்பேரில் இடித்தபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார். அனுப்புவதோ ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு. அங்கே போனவர்கள் பலர் திரும்ப இதே அடுக்குமாடிகளுக்கு வீட்டு வேலைக்கு பஸ் பிடித்து வருகிறார்கள். வசதியான பேட்டை இவர்கள் உழைப்பில் ஓடுகிறது, இவர்கள் இருப்பு மட்டும் ஆகாது. நீங்கள் எழுதுவதைப் படித்தால் தூரம் அதிகமாகத் தெரியவில்லை.

பிரபு_சன்னிவேல்

இராமநாதன் ஐயா சொன்ன மேற்கு வர்ஜீனியா கணக்கு யோசிக்க வைத்தது. ஆனாலும் ஒரு கேள்வி. நியூயார்க்கிலும் வாடகை கொள்ளைதான். அங்கே நடைபாதை முழுக்கக் கூடாரம் இல்லையே? சட்டத்தைக் கண்டிப்பாக அமல்படுத்துகிறார்கள் என்பதுதானே காரணம்? 2024 ஜூனில் கிரான்ட்ஸ் பாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும், படுக்க வேறு இடம் இல்லாவிட்டாலும் பொது இடத்தில் படுத்தால் தண்டிக்கலாம் என்று சொல்லிவிட்டது.

வானதி_ஆர்

நியூயார்க் நகரத்தில் வீடற்றவர்கள் சான் பிரான்சிஸ்கோவைவிடப் பல மடங்கு. ஆனால் 1981 வழக்கு உடன்பாட்டில் இருந்து, கேட்பவருக்குத் தங்க இடம் கொடுக்கும் கடமை அந்த நகரத்துக்கு உண்டு. அதனால் பெரும்பாலோர் கூரைக்குள் இருக்கிறார்கள், கண்ணில் படுவதில்லை. கலிஃபோர்னியாவில் மூன்றில் இரண்டு பேர் வெட்டவெளியில். நீங்கள் பார்க்கும் வித்தியாசம் போலீஸால் வந்ததில்லை, கட்டிலால் வந்தது.

அபராதம் போட்டால் என்ன ஆகும் என்றும் பார்த்திருக்கிறேன். கட்ட முடியாத அபராதம் நீதிமன்ற அழைப்பாகிறது, தவறினால் கைது ஆணை, அப்புறம் எந்த வீட்டுக்காரரும் விண்ணப்பத்தைத் தொடுவதில்லை. ஃப்ரீமாண்டில் 2025 பிப்ரவரியில் கூடாரத் தடைச் சட்டம் போட்டார்கள். ஆயிரம் டாலர் அபராதம், ஆறு மாதச் சிறை வரை. கூடாரத்தில் இருப்பவருக்கு ‘உடந்தையாக’ இருப்பவரும் குற்றவாளி என்று ஒரு வரி. சோறு கொடுக்கும் தேவாலயத்துக்காரர்களும் எங்களைப் போன்றவர்களும் மாட்டுவோமா என்று பெரிய எதிர்ப்பு வந்து, அடுத்த மாதமே அந்த வரியை எடுத்தார்கள். தடை இருக்கிறது.

மட்டுறுத்துநர்

குறிப்பிட்ட குடியிருப்பு, ஆட்களின் படங்களைத் தயவுசெய்து பதிவேற்ற வேண்டாம். தூங்கிக்கொண்டிருந்த ஒருவரின் படம் நீக்கப்பட்டது.

கார்த்திக்_கிழக்குவிரிகுடா

எல்லோருக்கும் நன்றி, மனைவியும் நானும் உட்கார்ந்து முழுக்கப் படித்தோம். என் இரண்டாவது கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. வந்த பிறகு தெரு எப்படி இருக்கும்?

இராமநாதன்_கே

2019-இல் சான் பிரான்சிஸ்கோ கடலோரத்தில், எம்பார்கடேரோ பக்கம், வீடற்றோருக்கான தற்காலிகத் தங்கும் மையம் வரும் என்று அப்போதைய மேயர் லண்டன் ப்ரீட் அறிவித்ததும் அங்கிருந்த விலையுயர்ந்த அடுக்குமாடிக்காரர்கள் வழக்கு நடத்த இணையத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். ஆதரவாளர்கள் போட்டியாக அதைவிட அதிகம் திரட்டினார்கள். வழக்கும் நடந்தது. அந்த வருட டிசம்பரில் மையம் திறந்தது, அந்தப் பேட்டை இன்றும் விலையுயர்ந்த பேட்டைதான். ஃப்ரீமாண்டிலும் அதே 2019-இல் நகர மன்றக் கூட்டங்களில் கூச்சல், நம் இந்தியர்கள் பதாகையோடு வந்ததை நான் நேரில் பார்த்தேன். கடைசியில் நகராட்சி அலுவலகத்தின் பின்னால் 45 பேருக்கான மையத்தை வைத்தார்கள், 2020 செப்டம்பரில் திறந்தது. அந்த ஊரில் வீடற்றோர் 2022 கணக்கெடுப்பில் ஆயிரத்துக்கு மேல், 2024-இல் எண்ணூற்றுச் சொச்சம். ஒரு மையத்தால் மட்டும் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். வந்ததால் பெருகும் என்று அன்றைக்குச் சத்தியம் செய்தார்களே, அது நடக்கவில்லை.

வானதி_ஆர்

மோசமாக நடக்கும் இடங்களும் உண்டு கார்த்திக், அதையும் சொல்லிவிடுகிறேன். இரவில் ஒரே ஒரு பணியாளர், மனநல ஆள் வாரத்துக்கு ஒரு முறை எட்டிப்பார்ப்பது, காலை ஆறு மணிக்கு எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவது. அப்படி அனுப்பினால் பகல் முழுக்க உங்கள் தெருவில்தான் நிற்பார்கள், வேறு எங்கே போவார்கள்?

நன்றாக நடப்பது வேறு மாதிரி. நேவிகேஷன் சென்டர் என்ற புதுவகைத் தற்காலிகத் தங்கும் மையம் சான் பிரான்சிஸ்கோவில் முதல் முறையாக 2015-இல் மிஷன் பகுதியில் திறந்தபோது, துணையோடு வரலாம், நாயோடு வரலாம், மூட்டை முடிச்சோடு வரலாம் என்றார்கள். பழைய ஷெல்டர்களைப் பலர் மறுத்தது அந்த மூன்றுக்காகத்தான். உங்கள் ஊரில் வருவது மோட்டல், தனி அறை, தனிக் குளியலறை. அதைவிட நல்லது.

கூட்டத்தில் எதிர்ப்பா ஆதரவா என்பதை விட்டு இதைக் கேளுங்கள். இரவில் எத்தனை பணியாளர்கள்? பிரச்சினை என்றால் அக்கம்பக்கத்தார் அழைக்க 24 மணி நேர எண் உண்டா, எடுப்பது மனிதரா? ஓடைக்கரையில் இருப்பவர்களுக்கு முதல் உரிமையா, பொதுப் பட்டியலில் இருந்து ஆள் வருமா? இங்கிருந்து நிரந்தர வீட்டுக்குப் போக, அரசு வாடகையில் பங்கு தரும் உதவிச் சீட்டு எத்தனை ஒதுக்கியிருக்கிறார்கள்? கடைசிக் கேள்விதான் முக்கியம். மத்திய அரசின் வாடகை உதவிக்குத் தகுதி உள்ள குடும்பங்களில் நான்கில் ஒன்றுக்குத்தான் அது கிடைக்கிறது. போக வீடு இல்லையென்றால் மோட்டல் அடைத்துக்கொள்ளும், ஓடைக்கரை திரும்ப நிரம்பும். ஹூஸ்டன் 2011-க்குப் பிறகு வீடற்றோர் எண்ணிக்கையை அறுபது சதவீதத்துக்கு மேல் குறைத்தது. தெருவில் இருந்து நேரே அடுக்குமாடி வீட்டுக்கு அனுப்பினார்கள், அங்கே அனுப்ப வீடு இருந்தது.

கார்த்திக்_கிழக்குவிரிகுடா

மனுவில் கையெழுத்துப் போடவில்லை என்று குழுவில் சொல்லிவிட்டேன். இரண்டு பேர் பேசுவதில்லை, சரி. வானதி அக்காவின் கேள்விகளை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு போகிறேன், மனைவியும் பேசுகிறாள். மகள் நடக்கும் வழியில் தெருவிளக்கு வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறேன், அது மோட்டல் வந்தாலும் வராவிட்டாலும் வேண்டியது.

பிரபு_சன்னிவேல்

நான் அந்த ஊர்க்காரனாக இருந்தால் இன்றைக்கும் எதிர்த்துத்தான் கையெழுத்திடுவேன், அதில் மாற்றமில்லை. இரவுப் பணியாளர் எண்ணிக்கையை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள் கார்த்திக். வாய் வார்த்தையை நம்பாதீர்கள்.

நிலா_வாடகைவீடு

வானதி அக்கா, இதிலேயே கேட்கலாமா தெரியவில்லை. எங்கள் பக்கத்துப் பகுதியில் குடியிருக்கும் பாட்டிக்கு நேற்று கதவில் மூன்று நாள் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள், இரண்டு மாத வாடகை பாக்கியாம். மூன்றாம் நாள் போலீஸ் வந்து வெளியே தள்ளிவிடும் என்று நினைத்து, இப்போதே சாமான்களை அட்டைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருக்கிறார்.

வானதி_ஆர்

நிலா, முதலில் பெட்டி கட்டுவதை நிறுத்தச் சொல். மூன்று நாள் என்பது பாக்கியைக் கட்டக் கொடுக்கும் கெடு. வீட்டுக்காரர் தானாக வெளியேற்ற முடியாது, பூட்டை மாற்றவும் கூடாது. நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு ஜெயித்தால்தான் ஷெரிஃப் வருவார். வழக்குத் தாள் கையில் கொடுத்த பிறகு பதில் தாக்கல் செய்ய 10 நீதிமன்ற நாள், 2025-இல் இருந்து. பதில் போடாமல் விட்டால்தான் உடனே தோற்போம், நிறையப் பேர் அங்கேதான் வீட்டை இழக்கிறார்கள். 211 என்ற உதவி எண்ணுக்கு அழைத்து வாடகை உதவி, இலவச வழக்கறிஞர் இரண்டையும் கேள். நோட்டீஸைப் படம் எடுத்துக்கொள், ஒட்டிய தேதியை எழுதி வை. பாட்டி எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம். எனக்குத் தனிமடலில் உன் எண்ணை அனுப்பு, நாளைக் காலை நானே அவரோடு பேசுகிறேன்.

நிலா_வாடகைவீடு

அனுப்பிவிட்டேன் அக்கா. பெட்டிகளைப் பிரிக்க நாங்கள் இரண்டு பேர் இப்போது அங்கே போகிறோம்.